சுக்குவின் காதோரத்து உண்ணிகள்

காதுக்குப் பின்னால், ரோமம் மெலிந்து தோல் வெதுவெதுவென்றிருக்கும் இடத்தில், விரல் நுனிக்கு ஒரு மல்லி விதை தட்டுப்படுகிறது. ரத்தம் குடித்து உப்பிய உண்ணி அப்படித்தான் இருக்கும், உருண்டையாக, வழுவழுப்பாக. விதையென்றால் தட்டிவிட்டால் விழும், இது விழாது. எங்கள் அடுக்குமாடியின் கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் தெருநாய்கள் படுத்துக் கிடக்கும் மூலைக்குப் போய்வரும் நாட்களிலெல்லாம் என் பூனை இப்படி ஒன்றையாவது கொண்டுவந்துவிடுகிறது. ஜன்னலோர வெளிச்சத்தில் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவேன். நுனி மெலிந்த இடுக்கி, ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பி, ஒரு வெள்ளைத் துணி, அவ்வளவுதான். எண்ணெய் கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது, நெருப்புக்குச்சி கிடையாது, எந்தப் பொடியும் கிடையவே கிடையாது. இந்த வேலையில் நான் காட்டும் கறாரைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு மருந்தகத்தில் உட்கார்ந்து நாள் முழுவதும் டப்பாக்களின் பின்பக்கத்து எழுத்தை வாசித்துக்கொண்டிருப்பவள் நான். பத்து வயதில் வாசிக்காமல் விட்ட ஒரே ஒரு டின்னுக்காகத்தான் இந்தப் பிழைப்புக்கே வந்தேனோ என்று சில நாள் தோன்றும்.

அப்போது நாங்கள் இதே மலாய்த் தீவு நகரத்தில், டத்தோ கிராமாட் பகுதியில் இருந்தோம். பாதி செங்கல், பாதி பலகை, மேலே தகரம் என்று வரிசையாக நின்ற வாடகை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அத்தாவுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு மசாலாச் சாமான் கடையில் வேலை. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் சீரக வாசம் அடுப்படிவரை வரும். அந்தக் கடைக் கிடங்கில் மிளகாய்ச் சாக்குகளுக்கு நடுவே தாய் விட்டுப்போன குட்டி ஒன்றை ஒருநாள் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுவந்தார். காய்ந்த இஞ்சி நிறத்தில், அதே மாதிரி கோணல் மாணலாக இருந்ததால் அதற்குச் சுக்கு என்று பெயர் வைத்தார். "பூனைக்கு வைக்கிற பேரா இது?" என்று அம்மா கேட்டதற்கு, "ஏலக்காய்னு வைக்கலாம், அதுக்கு ஏத்த மூஞ்சியா இது?" என்றார். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. சுக்கு என் காலடியில் தூங்கினான், என் தட்டு மீனில் பங்கு கேட்டான், நான் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு வாசல் கதவோரம் வந்து உட்கார்ந்திருப்பான். அவனை என்னிடமிருந்து யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுதான் அந்த வயதில் என் பெரிய பயம்.

பக்கத்து வீட்டில் ஸ்டெல்லா ஆன்ட்டி இருந்தார். கணவர் இறந்த பிறகு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக, எங்கள் பேச்சில் "கிராணி" வேலை பார்த்து ஒரே மகளை வளர்த்தவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர். அவரிடம் ஜானி என்றொரு கிழட்டுப் பழுப்பு நாய் இருந்தது. இரண்டு வீட்டுப் பின்பக்கத்துக்கும் நடுவே தகர வேலி. வேலியின் கோடியில் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. கறிவேப்பிலையும் குழம்பும் ஊர்க்கதையும் எல்லாமே அந்த இடைவெளி வழியாகத்தான் போய்வந்தன.

அவர் வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பார்கள். அதை அவரும் மறைத்ததில்லை, அம்மாவும் முகம் சுளித்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்தே வாங்கிப்போன ஓர் அலுமினியச் சட்டியையும் கரண்டியையும் தனியாக ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருந்து, எங்களுக்கென்று சமைக்கும்போது மட்டும் எடுப்பார். கோழியைக்கூட நாங்கள் வாங்கும் ஹலால் கறிக்கடையிலிருந்து அத்தா மூலமாகத்தான் வாங்குவார். "இது சுபைதா சட்டி, யாரும் கைய வைக்கக் கூடாது" என்று அவர் மகளை அதட்டுவது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். சுபைதா என்பது என் அம்மா. கிறிஸ்மஸ் அன்று காலை அந்தச் சட்டி நிறையக் கோழிக்குழம்பு வரும். அம்மா அதைக் கழுவி, நோன்புப் பெருநாளைக்குத் தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த ரெண்டாங் கறி நிரப்பித் திருப்பி அனுப்புவாள்.

ஒருமுறை ஜானி அந்த இடைவெளியில் மூக்கை நுழைத்து என் காலை நக்கிவிட்டது. நாய் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த தண்ணீரால். எங்கள் ஊரில் அதற்குச் "சாமாக்" என்பார்கள். எங்கள் பின்கட்டு முழுக்கச் சிமெண்டு, மண்ணுக்கு எங்கே போவது என்று அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது வேலி வழியாக ஒரு கொட்டாங்கச்சி நீண்டது. "இந்தா சுபைதா, ரோசாச் செடி மண்ணு, சுத்தமா இருக்கு. நாயி என்னோடதுன்னா மண்ணும் என்னோடதா இருக்கட்டும் லா." அம்மா சிரித்துச் சிரித்துத் தண்ணீரைச் சரியாக எண்ணமுடியாமல் ஏழுக்குப் பதிலாக ஒன்பது முறை கழுவினாள். அவர்கள் அப்படிச் சிரித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிற ஆள். மீன் தலையைச் சுக்குவுக்குப் போடும்போது அவனிடம், "அந்த நாயோட போயி ஒட்டிக்கிட்டு வந்தேன்னு வையி, சாக்குல கட்டிப் பசார்ல விட்டுருவேன், ஆமா" என்பாள். சொல்லிக்கொண்டே அவன் தலையைத் தடவுவாள். நான் தடவியதைப் பார்க்கவில்லை, சாக்கையும் சந்தையையும்தான் பார்த்தேன். ஏனென்றால் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. சுக்கு தினமும் மத்தியானம் அந்த இடைவெளி வழியாகப் போய், ஜானியின் வயிற்றோடு வயிறாகச் சுருண்டு தூங்கினான். அம்மா தூங்கி எழுந்து வருவதற்குள் பெயர் சொல்லாமல் நாக்கைச் சொடுக்கி அவனைக் கூப்பிட்டுக்கொண்டுவிடுவேன்.

அந்த வருடம் பள்ளி விடுமுறையில், விடாமல் பெய்த மழை நின்றதும், ஜானிக்கு உண்ணி பிடித்தது. சனிக்கிழமைகளில் ஸ்டெல்லா ஆன்ட்டி குட்டை முக்காலியில் உட்கார்ந்து, ஜானியின் காதைத் திருப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பால் டின்னில் போடுவார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் குந்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். ஏன் இவ்வளவு மெதுவாக எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "வெடுக்குன்னு இழுத்தா ஒடம்பு வந்துரும் பாப்பா, தலை உள்ளயே மாட்டிக்கும். அப்புறம் புண்ணு வைக்கும். தோலோட ஒட்டிப் புடிச்சு, முறுக்காம, நேரா இழுக்கணும்." எல்லாம் முடிந்ததும் ஒரு பச்சை டின்னிலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்து ஜானியின் முதுகில் எதிர்ரோமமாகத் தேய்ப்பார். டின்னின் மேல் காதை விறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு நாயின் படம் இருக்கும்.

அடுத்த வாரம் சுக்குவின் காதோரத்தில் நான் ஒன்பது உண்ணிகளை எண்ணினேன்.

என் கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. உண்ணி ஜானியிடமிருந்து வந்தது. அம்மா பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்தால் சாக்கு, சாக்கென்றால் பசார். அம்மாவின் அலமாரியிலிருந்து இடுக்கியை எடுத்துக்கொண்டு, குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, சுக்குவை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். முதல் உண்ணி தலையோடு முழுசாக வந்தது. அந்தப் பெருமை இரண்டாவது உண்ணிவரைதான் நீடித்தது. அவன் தலையை உதறினான், நான் வெடுக்கென்று இழுத்துவிட்டேன். உப்பிய உடம்பு இடுக்கியோடு வந்தது, தோலில் ஒரு கரும்புள்ளி தங்கிவிட்டது. மறுநாள் அந்த இடம் சிவந்து வீங்கிவிட்டது. இனி இடுக்கியைத் தொட எனக்குக் கை வரவில்லை. இன்னும் ஏழு பாக்கி இருந்தது.

அப்போதுதான் பச்சை டின் ஞாபகம் வந்தது. அது வேலியை ஒட்டித் துணி துவைக்கும் கல்லின் மேலேயே இருக்கும். ஸ்டெல்லா ஆன்ட்டி வேலைக்குப் போயிருந்தார். இடைவெளியில் கையை விட்டு எட்டினேன், கிடைத்துவிட்டது. ஜானி பெரிய உடம்பு, சுக்கு சின்ன உடம்பு, ஆகவே ஜானிக்குப் போடுவதில் பாதி போட்டால் போதும் என்று பெரிய புத்திசாலிபோல யோசித்தேன். ஆன்ட்டி செய்கிற மாதிரியே எதிர்ரோமமாகத் தேய்த்தேன். டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அதன் பின்பக்கத்தில் மூன்று மொழியில் என்னென்னவோ எழுதியிருந்தது. அந்த மாதிரி டின்களை இப்போது நானே விற்கிறேன். பூனைக்குப் போடக்கூடாது என்று மலாயில் கொட்டை எழுத்தில் இருக்கும். எனக்கு அப்போதும் மலாய் வாசிக்கத் தெரியும்.

பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. சுக்கு வெயிலில் உட்கார்ந்து நிதானமாக முதுகு முழுவதையும் நக்கிக்கொண்டான்.

அம்மா பிற்பகல் அஸர் தொழுகையில் நின்றிருந்தபோது அவன் அடுப்படியிலிருந்து வந்தான். நடை சரியில்லை, பின்னங்கால்கள் ஒரு பக்கமாக இழுத்தன. காது துடித்தது, பிறகு தோள், பிறகு உடம்பு முழுவதும். வாயில் நுரை. நான் அவனைத் தூக்கவும் பயந்து, கூப்பிடவும் பயந்து நின்றேன். அம்மா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியவள் தொழுகைத் துணியோடேயே வேலிக்கு ஓடி, "ஸ்டெல்லாக்கா, ஸ்டெல்லாக்கா" என்று கத்தினாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த ஆன்ட்டி, கைப்பையைக்கூட வைக்காமல் எங்கள் வீட்டுக்குள் வந்தார். சுக்குவை மோந்து பார்த்தார். உடனே குழாயடியில் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு அவனை அலசி, துண்டில் சுற்றி, "காடிய எடுக்கிறேன், ஏறு" என்று தன் காரை எடுக்க ஓடினார்.

மிருக வைத்தியர் ஊசி போட்டார். நாய்க்குப் போடுகிற உண்ணிப் பொடி பூனைக்கு நஞ்சு என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார்.

"நாய் மருந்தா? எங்க வீட்டுல நாய் மருந்து ஏது?" என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

"அது ஆன்ட்டி வீட்டு மருந்தும்மா" என்றேன்.

பொய் சொல்லவில்லை, பாருங்கள். இருந்த உண்மையில் பாதியை எடுத்து நீட்டினேன். மீதிப் பாதியை அம்மா தானே போட்டு நிரப்பிக்கொண்டாள். ஸ்டெல்லா ஆன்ட்டி என் கையைப் பார்த்தார். என் நகக்கண்களில் வெள்ளையாகப் பொடி இருந்தது. அவர் என் முகத்தையும் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "நான்தான் பாத்து வச்சிருக்கணும் சுபைதா. என் தப்பு" என்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அந்தி மக்ரிபுத் தொழுகைக்கு முன்னால் சுக்கு என் மடியிலேயே அடங்கிவிட்டான். அத்தா அவனைக் கடைச் சாக்குத் துணியில் சுற்றி, முன்வாசல் பாண்டான் இலைப் புதரடியில் புதைத்தார்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அம்மா சண்டை போடவில்லை. "நாயோட மருந்த பூனைக்குப் போடலாமா? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்று அத்தாவிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். மறுநாள் வேலி இடைவெளியில் ஒரு பலகை நின்றது. ஒரு வாரம் கழித்து எங்கள் வாசற்படியில் அந்த அலுமினியச் சட்டி இருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று, உள்ளே கரண்டியோடு. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, அலமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டாள். கிறிஸ்மஸுக்குக் குழம்பு வரவில்லை. பெருநாளைக்கு ரெண்டாங் போகவில்லை.

நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். இன்று சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன், தமிழ்ப் பாடப் புத்தகத்தை மூடும்போது நாளைக்கு என்று ஆகிவிடும். பதினொரு வயதில் சொல்வது பத்து வயதில் சொல்வதைவிடக் கடினமாக இருந்தது. பதின்மூன்றில் அதைவிடக் கடினம். அடிக்குப் பயந்து அல்ல, அம்மா என்னை அடித்ததே இல்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே, அதற்குத்தான் பயம்.

வீட்டுக்காரர் வீடுகளைத் திருப்பிக் கேட்டபோது ஸ்டெல்லா ஆன்ட்டி முதலில் கிளம்பினார். கல்யாணமாகி நிபோங் திபாலில் இருந்த மகளோடு போய்விடுவது என்று முடிவாயிற்று. லோரியில் சாமான் ஏற்றும்போது அம்மா அடுப்படியில், கழுவின அரிசியையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் வெளியே போனேன். அவர் என் தலையில் கையை வைத்து, "நல்லாப் படி பாப்பா" என்றார். பிறகு லோரியில் ஏறிக்கொண்டார். அன்றைக்கு அவர் என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

அத்தா மவுத்தாவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் எதையோ நினைத்துச் சிரித்தார். "அந்தச் சுக்குப் பய இருந்தானே, அந்த நாயி வயித்து மேலதான் தெனமும் தூங்குவான். லீவு நாள்ல எத்தன தடவ பாத்திருக்கேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா அத்தா?"

"ரெண்டும் காஞ்சு கெடக்கு, அதுல என்ன? ஈரம்னாத்தானே கழுவணும்." தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே, "பாக்கவே நல்லா இருக்கும்" என்றார்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பாத்திரம் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அம்மாவிடம் சொன்னது போன வருடம்தான். முழங்கால் வலியோடு அவள் இப்போது என்னிடம் இருக்கிறாள். நான் பூனைக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்ததை நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஸ்டெல்லாக்கா அந்த நாய்க்கு எடுக்கிற மாதிரியே எடுக்கிறியே" என்றாள். முப்பது வருடத்துக்குப் பக்கமாக அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, டின், வேலி, நகக்கண், எல்லாவற்றையும்.

அம்மா பூனையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கே ஏன்மா சொல்லல?" என்றாள்.

"நாய்கிட்ட போனா சுக்குவச் சாக்குல கட்டிப் பசார்ல விட்டுருவேன்னு சொல்லுவீங்களேம்மா."

"நானா?" அவள் என்னை உண்மையாகவே விளங்காமல் பார்த்தாள். "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

அவளுக்கு ஞாபகமே இல்லை. நான் எதை நம்பி, எதற்குப் பயந்து, அத்தனையும் செய்தேனோ அந்த வாக்கியம் அவளிடம் ஒருநாள்கூடத் தங்கியிருக்கவில்லை. அவள் அலமாரியின் உச்சியை நிமிர்ந்து பார்த்து, "சட்டிய எறக்கு" என்றாள்.

மறுநாள் வலிக்கிற காலோடு அடுப்படியில் நின்று, அந்தச் சட்டியில் அவளே ரெண்டாங் கிண்டினாள். பழைய அயலார் ஒருவரிடம் விலாசம் கேட்டு வாங்கி, கடல் பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலுக்குப் போனோம். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம், அம்மா சட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை. கதவைத் திறந்த மகளுக்குத் தலை நரைத்திருந்தது. எங்களை அடையாளம் தெரியவில்லை, சட்டியைத்தான் தெரிந்தது. "சுபைதா சட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

ஸ்டெல்லா ஆன்ட்டி தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அம்மா உட்கார்ந்த பிறகு, "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா ஒங்கள ஏசி ஒரு வார்த்த சொன்னதில்ல, சுபைதா ஆன்ட்டி. அந்த டின்ன புள்ள கைக்கு எட்டுற எடத்துல வச்சுட்டேனேன்னுதான் சொல்லுவாங்க. சின்னப் புள்ள மனசுல பாரத்த ஏத்திட்டேன், சுபைதா மூஞ்சில எப்படி முழிப்பேன்னு, கடைசி வரைக்கும் அதான் பேச்சு. நாங்க சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

இத்தனை வருடமும் அவர் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றினார் என்றுதான் நினைத்திருந்தேன். காப்பாற்றியவர் நிம்மதியாக இருந்திருப்பார் என்று எனக்கு நானே ஆறுதலும் சொல்லிக்கொண்டிருந்தேன். "என் தப்பு" என்று அவர் அன்றைக்குச் சொன்னது எனக்காகச் சொன்ன பொய் அல்ல, அதை அவர் மனசார நம்பினார். சட்டியைத் திருப்பி வைத்தது கோபத்தில் அல்ல, வெட்கத்தில். நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயைத் திறந்து, டின்னை எடுத்தது நான்தான் ஆன்ட்டி, நீங்க இல்லை என்று அவர் கையைப் பிடித்திருக்கலாம். கேட்க ஆள் இருந்த காலத்தில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். டத்தோ கிராமாட் வழியாகத்தான் திரும்பினோம். வீடுகள் இருந்த வரிசை முழுவதும் இப்போது வாகனம் நிறுத்தும் இடம். தகர வேலி இல்லை, துவைக்கிற கல் இல்லை, பாண்டான் புதர் எந்த மூலையில் இருந்தது என்று எங்கள் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. அம்மா கார் ஜன்னலை இறக்கச் சொல்லி, பிறகு ஏற்றச் சொன்னாள்.

இன்றைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஓர் உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்தேன். முறுக்கவில்லை, அவசரப்படவில்லை, நேராக, மெதுவாக இழுத்தேன். அம்மா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தாள்.

"தலை வந்துச்சா?"

"வந்துருச்சும்மா."

"நல்லாப் பாரு" என்றாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நல்லாப் பார்த்தேன். முழுசாகத்தான் வந்திருந்தது.